கயிற்றை ஆட்டியது யார்?

(தூத்துக்குடியில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம். திரையில் காட்டிய படங்களையும் இடையிடையே வந்த கிளைப்பேச்சுகளையும் அச்சுக்காகக் குறைத்திருக்கிறேன்.)



அழைப்பிதழில் என் தலைப்பு 'புற்றுநோய் வைரஸ் புரதங்களும் செல் சமிக்ஞைப் பாதைகளும்' என்று அச்சாகியிருந்தது. அதைப் பார்த்த என் அண்ணன் போனில், "ஏட்டி, இதுக்கு யாரு வருவா?" என்று கேட்டார். வந்திருக்கிறீர்கள். அண்ணனும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அதனால் பாடப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, இந்தக் கடற்கரைக்குத் தெரிந்த ஒரு கயிற்றிலிருந்து தொடங்குகிறேன்.

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-இல். அதை நேரில் பார்த்தவர்கள் இன்று மிகச் சிலரே. ஆனால் கயிற்றின் கதை எல்லோருக்கும் தெரியும். கல்லைப் பிடித்துக்கொண்டு முத்துச்சிப்பிப் பாருக்குள் இறங்குகிறவரின் கயிற்றை மேலே வள்ளத்தில் நின்று பிடித்திருப்பவர் மச்சானாக இருக்க வேண்டும் என்பார்கள். தன் தங்கையின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது, கை தளராது என்பது கணக்கு. கீழே மூச்சு முட்டும்போது கயிற்றை ஆட்டினால் மேலே இழுப்பார்கள். ஆட்டாதவரை இழுக்கமாட்டார்கள். முப்பது அடி, நாற்பது அடித் தண்ணீருக்குக் கீழே இருப்பவருக்கும் மேலே இருப்பவருக்கும் இடையில் வேறு பேச்சே கிடையாது. அந்த ஆட்டம் மட்டும்தான்.

நம் உடம்பின் செல்லுக்கும் இப்படித்தான். வெளியே இருந்து 'வளர்', 'நில்', 'பிரி', 'செத்துப்போ' என்று சேதிகள் வரும். செல்லின் மேல்தோலில் இருக்கும் ஏற்பி அதைப் பிடிக்கும். அங்கிருந்து ஒரு புரதம் அடுத்த புரதத்தைத் தொட, அது அதற்கடுத்ததைத் தொட, கைமாறிக் கைமாறி சேதி உட்கருவுக்குப் போய்ச் சேரும். சமிக்ஞைப் பாதை என்று நாங்கள் சொல்வது இதைத்தான். நடுத்தண்ணீரில் ஓர் அந்நியன் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தன் இஷ்டத்துக்கு ஆட்டினால் என்ன ஆகும்? மேலே இருப்பவருக்கு அது மச்சானின் கை என்றே தோன்றும்.

இன்று நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ் செல்லின் கயிறுகளை அறுத்துப் போடுவதில்லை, பிடித்துக்கொள்கிறது. பிடித்த பிடியை ஒரு நாளும் விட முடியாத நிலையில் அது இருக்கிறது. அதன் பலமும் பலவீனமும் இரண்டும் அந்தப் பிடியில்தான். இதைச் சில எண்களாகப் பிரித்துச் சொல்கிறேன்.

1. ஆள் யார்?

மனித பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக எச்.பி.வி. இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. கையில் பாலுண்ணி வரவழைக்கும் வகைகளும் இந்தக் குடும்பம்தான். புற்றுநோய் பக்கம் கொண்டுபோகிறவை சுமார் ஒரு டஜன். அவற்றிலும் 16, 18 என்ற இரண்டு வகைகள் மட்டும் உலகின் கருப்பைவாய்ப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்குக் காரணம். ஜெர்மனியின் ஹரால்ட் சுர் ஹவுசன் 1983-இலும் 1984-இலும் இவற்றைக் கட்டிகளிலிருந்து பிரித்துக் காட்டினார். 2008-இல் நோபல் பரிசு பெற்றார். அதற்கு முன் பல ஆண்டுகள், பழியை வேறொரு வைரஸ் மேல் போட்டிருந்தவர்களின் ஏளனத்தையும் பெற்றார்.

வைரஸின் மரபுச் சரக்கு மிகச் சின்னது. நம் மரபணுத் தொகுதியில் சுமார் 300 கோடி எழுத்துகள். இதில் எட்டாயிரத்துக்கும் குறைவு. தாம்பத்திய உறவு தொடங்கிய பெரும்பாலான ஆண்களுக்கும் பெண்களுக்கும் வாழ்நாளில் ஒருமுறையாவது இது தொற்றும். பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் உடம்பே அதைத் துரத்திவிடும். தங்கிவிடும் அந்தச் சிலரிடம்தான் கதை. ஒழுக்கக் கணக்கு பார்க்கிறவர்கள் இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளலாம்: வீட்டை விட்டு நகராத பெண்ணுக்கும் இது வரும், கணவர் வழியாக.

2. பூட்டிய பட்டறையைத் திறத்தல்

கருப்பைவாயின் மேல்தோல் அடுக்கடுக்கானது. அடி அடுக்குச் செல்கள் பிரிந்து பெருகும். மேலே தள்ளப்பட்டவை பிரிவதை நிறுத்தி, தட்டையாகி, உதிரும். வைரஸ் நுண்ணிய சிராய்ப்பு வழியாக அடி அடுக்குக்குள் நுழைகிறது. தன் குட்டிகளை உருவாக்குவதோ மேல் அடுக்கில். உதிரும் செல்லோடு சேர்ந்து வெளியேறினால் ரத்தமும் வராது, வீக்கமும் வராது, எதிர்ப்புச் சக்திக்கு உடனே மூக்கில் வேர்க்காது. நல்ல ஏற்பாடு. ஒரே ஒரு சிக்கல்: தன்னைப் படியெடுக்கும் கருவிகள் எல்லாம் வைரஸிடம் கிடையாது. செல்லின் டி.என்.ஏ. படியெடுக்கும் பட்டறையைத்தான் நம்பியிருக்கிறது. மேல் அடுக்கிலோ பட்டறையைப் பூட்டிவிட்டுச் செல் ஓய்வுக்குப் போயாயிற்று.

அங்கே வேலைக்கு வருவதுதான் இ7 என்ற புரதம். 16-ஆம் வகையில் அதன் நீளம் வெறும் 98 அமினோ அமிலங்கள். எதையும் வெட்டத் தெரியாது, எரிக்கத் தெரியாது. ஒட்டிக்கொள்ள மட்டும் தெரியும்.

நம் செல்லில் ஆர்பி என்றொரு புரதம் உண்டு. 'பிரி' என்று உத்தரவிடும் இ2எஃப் என்ற புரதத்தை அது கட்டிப் பிடித்து வைத்திருக்கும். வெளியிலிருந்து முறைப்படி வளர்ச்சிச் சேதி வந்து, படிப்படியாகக் கைமாறி, கடைசியில் ஆர்பியின் மேல் பாஸ்பேட் முத்திரைகள் விழுந்தால்தான் அதன் கை தளரும். இ7 இந்தப் படிகள் எதையும் ஏறுவதில்லை. நேராக ஆர்பியின் உள்ளங்கையில் போய் அமர்கிறது, இ2எஃப் விடுபடுகிறது. அதோடு விடாமல் ஆர்பியைச் செல்லின் குப்பைக்கூடத்துக்கும் அனுப்பி வைக்கிறது. 1989-இல் டைசன், ஹௌலி, முங்கர், ஹார்லோ ஆகியோர் இந்த ஒட்டுறவைக் காட்டினார்கள். அடினோ வைரஸ், எஸ்.வி.40 என்ற குரங்கு வைரஸ் இரண்டும் எச்.பி.வி.க்குச் சொந்தக்காரர்கள் அல்ல. ஆனால் அவற்றின் புரதங்களும் அதே சிறு வடிவத்தைக் கொண்டு அதே ஆர்பியின் மேல்தான் கை வைக்கின்றன. மூன்று ஊர்த் திருடர்களும் ஒரே ஜன்னலைத் தேடி வந்திருந்தால் வீட்டின் எந்தப் பக்கம் பலவீனம் என்பது தெரிந்துவிடுகிறது அல்லவா?

கீழே யாரும் கயிற்றை ஆட்டவில்லை. ஆனால் மேலே இழுக்கிறார்கள்.

இதை நீங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். தேவையற்ற பிரிவு நடக்கிறது என்று உணரும் செல், பி16 என்ற புரதத்தை உற்பத்தி செய்து 'நிறுத்து, நிறுத்து' என்று கத்தும். பி16 தடுப்பது ஆர்பிக்கு மேலே இருக்கும் படியை. இ7 பிடித்திருப்பதோ அதற்குக் கீழே. ஆகவே கத்தல் வீண். கேட்பவர் இல்லாததால் இன்னும் கத்துகிறது, பி16 குவிகிறது. நோயியல் ஆய்வகத்தில் திசுத் துண்டுக்குப் பி16 சாயம் ஏற்றினால், ஒன்றுமில்லாத திசு வெளிறி நிற்கும். வைரஸின் பிடியில் இருக்கும் பகுதி அடியிலிருந்து மேல்வரை கெட்டியான பழுப்பு நிறத்தில், பனங்கருப்பட்டியைக் கரைத்து ஊற்றியதுபோல் தெரியும். முதல் முறை நுண்ணோக்கியில் அதைப் பார்த்த மாணவி ஒருத்தி, "மேடம், இது இவ்வளவு சத்தமா இருக்கே" என்றாள். நிறத்தைச் சத்தம் என்று சொன்ன அந்தப் பெண்ணுக்கு அன்றே விஷயம் புரிந்துவிட்டது.

3. காவலாளியைக் குப்பையில் போடுதல்

இ7 செய்த வேலையில் ஓர் ஆபத்து இருக்கிறது, வைரஸுக்கு. முறையில்லாமல் பிரியத் தொடங்கிய செல்லை பி53 என்ற புரதம் கண்டுபிடித்துவிடும். 1979-இல் கண்டறியப்பட்ட இந்தப் புரதம் செல்லின் காவலாளி. டி.என்.ஏ. சேதம், கட்டுமீறிய பிரிவு, எதைக் கண்டாலும் 'நில்' என்று சொல்லும். நிற்காவிட்டால் செல்லைத் தற்கொலைக்கு அனுப்பும். செல் செத்தால் வைரஸுக்குப் பட்டறை போச்சு.

இங்கேதான் இ6 வருகிறது. 150 சொச்சம் அமினோ அமிலங்கள். அது பி53-ஐத் தானே கொல்வதில்லை. செல்லுக்குள் 'இ6ஏபி' என்று பின்னாளில் பெயரிடப்பட்ட ஒரு நொதி இருக்கிறது. தேவையற்ற புரதங்கள் மேல் யூபிக்விட்டின் என்னும் சீட்டை ஒட்டுவது அதன் அன்றாட வேலை. சீட்டு விழுந்த புரதத்தைச் செல்லின் அரவை ஆலை அரைத்துவிடும். இந்த நொதிக்கும் பி53-க்கும் சாதாரணமாகப் பேச்சுவார்த்தையே இல்லை. இ6 ஒரு கையால் நொதியைப் பிடித்து, மறு கையால் பி53-ஐ இழுத்து வந்து பக்கத்தில் நிறுத்துகிறது. நொதி தன் வழக்கமான வேலையைச் செய்கிறது: சீட்டை ஒட்டுகிறது. 1990-இல் ஷெஃப்னர், ஹௌலி குழுவினர் பி53 அழிவதைச் சோதனைக்குழாயில் காட்டினார்கள். 1993-இல் அந்த நொதி பிடிபட்டது. மூன்றும் சேர்ந்திருக்கும் படிக வடிவம் 2016-இல்தான் வெளிவந்தது.

துறைமுகத்துக்காரர்களுக்கு இது எளிதில் விளங்கும். நல்ல சரக்குப் பெட்டியின் மேல் 'கழிவு' என்ற சீட்டு விழுந்துவிட்டால், கிரேன் ஓட்டுபவரைக் குற்றம் சொல்ல முடியுமா? சீட்டு அசல், கிரேன் அசல், ஓட்டுபவரும் நம் ஆள். நடுவில் நின்று பெட்டியைக் காட்டிக் கொடுத்தவன் மட்டும் அந்நியன்.

மருத்துவ மாணவர்கள் ஒரு குறிப்பு எடுத்துக்கொள்ளுங்கள். மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழ பாதியில் பி53 மரபணுவே சிதைந்திருக்கும். கருப்பைவாய்ப் புற்றுநோயில் பெரும்பாலும் அது சிதைவதில்லை. செல் பி53-ஐ நாள்தோறும் எழுதிக்கொண்டே இருக்கிறது, இ6 நாள்தோறும் அழித்துக்கொண்டே இருக்கிறது. இந்த வேறுபாடு ஐந்தாம் எண்ணில் மீண்டும் வரும்.

4. மற்ற கயிறுகள்

இவற்றை வேகமாகக் கடக்கிறேன். இ5 என்ற மூன்றாவது புரதம், வளர்ச்சிச் சேதியைப் பிடிக்கும் ஏற்பிகள் செல்லின் மேல்தோலிலேயே நீண்ட நேரம் தங்கும்படி செய்கிறது. இ6 டெலோமரேஸ் நொதியை எழுப்பி, செல்லுக்கு விதித்த ஆயுள் எல்லையை நீட்டுகிறது. இ6-இன் வால் நுனியில் உள்ள நாலே நாலு அமினோ அமிலங்கள், பக்கத்துச் செல்லோடு ஒட்டி வரிசையாக நிற்கச் சொல்லும் புரதங்களைப் பிடித்து அழிக்கின்றன. சாதாரண பாலுண்ணி வகைகளில் அந்த வால் நுனி இல்லை.

நம் நாட்டு ஆய்வு ஒன்றையும் சொல்ல வேண்டும். பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுதிர் கிருஷ்ணாவின் குழு, நாட்ச் என்ற சமிக்ஞைப் பாதை எச்.பி.வி. புரதங்களோடு கைகோத்து, இருப்பிடத்தை விட்டுப் பெயர்ந்த செல்லும் சாகாமல் தப்பிக்க உதவுகிறது என்று 2001-இல் எழுதியது. நாட்ச் இங்கே நண்பனா எதிரியா என்பதில் ஆய்வாளர்களிடையே சண்டை உண்டு. என் கட்சி, காலத்தைப் பொறுத்தது என்பது. தொடக்கத்தில் தடை, பின்னால் துணை.

இத்தனைக்கும் புற்றுநோய் வைரஸின் நோக்கமே அல்ல. அதன் டி.என்.ஏ. தவறுதலாக உடைந்து நம் குரோமோசோமுக்குள் செருகிக்கொள்ளும்போது, இ6, இ7 இரண்டையும் அடக்கி வைக்கும் இ2 என்ற அதன் சொந்தக் கடிவாளம் பெரும்பாலும் அறுந்துபோகிறது. பிறகு இ6, இ7 கட்டின்றி ஓடும். அந்தச் செல்லிலிருந்து புதிய வைரஸ் ஒன்றுகூட வெளியே வராது. குடியிருந்த வீட்டைக் கொளுத்திவிட்டுத் தானும் உள்ளே மாட்டிக்கொண்ட கதை.

5. பிடியை விட்டால்?

இது என் உரையின் முதுகெலும்பு. சற்று நிதானமாகச் சொல்கிறேன்.

1951-இல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஹென்றியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கருப்பைவாய்க் கட்டியிலிருந்து, அவரைக் கேட்காமலே எடுத்த செல்கள் இன்றுவரை உலக ஆய்வகங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன. ஹீலா செல்கள். அவற்றுக்குள் இருப்பது எச்.பி.வி. 18. இந்தச் செல்களோடு இருபது ஆண்டு வேலை பார்த்தவள் நான். அவற்றின் பிடிவாதம் எனக்குத் தெரியும். பக்கத்துத் தட்டில் ஒரு சொட்டு விழுந்தால் அங்கேயும் முளைத்துவிடும்.

2000-ஆம் ஆண்டு, யேல் பல்கலைக்கழகத்தின் டேனியல் டிமாயோவும் கூட்டாளிகளும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். அறுந்துபோன கடிவாளத்தின் இடத்தில் இ2 புரதம் ஒன்றை ஹீலா செல்களுக்குள் கொடுத்தார்கள். இ6, இ7 உற்பத்தி நின்றது. சில நாள்களில் செல்கள் பிரிவதை நிறுத்தின, தட்டையாகிப் பரந்தன, முதுமை அடைந்தன. பி53 திரும்பி வந்திருந்தது. ஆர்பியும் வந்திருந்தது. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள், எண்ணற்ற தலைமுறைகள், நாள் தவறாமல் குப்பைக்குப் போய்க்கொண்டிருந்த காவலாளி, சீட்டு ஒட்டுவது நின்றதும் எழுந்து வந்து வேலையில் அமர்ந்துவிட்டான்.

கயிறு அறுபடவில்லை என்று நான் தொடக்கத்தில் சொன்னதற்குச் சாட்சி இது. கட்டி எவ்வளவு முற்றினாலும் அந்த இரண்டு சின்னப் புரதங்களின் ஓயாத வேலையை நம்பியே நிற்கிறது. இந்தப் பிடியை மட்டும் தளர்த்தும் மருந்து இருக்கிறதா என்று கேட்பீர்கள். மருத்துவமனையில் கொடுக்கும்படி இன்னும் எதுவும் வரவில்லை. இ6, இ7 இரண்டும் நொதிகள் அல்ல. மருந்து மூலக்கூறு போய் உட்காரும்படியான ஆழமான குழி அவற்றில் எளிதில் அகப்படுவதில்லை. எங்கள் துறைக்கு நாற்பது ஆண்டுகளாக இது தலைவலி.

ஆனால் இன்னொரு கதவு திறந்தே இருக்கிறது. தொற்று தங்கியதிலிருந்து புற்று ஆகும்வரை பொதுவாகப் பத்து முதல் இருபது ஆண்டுகள் ஆகும். அவ்வளவு காலமும் செல்கள் பிடியில் இருப்பதைக் காட்டிக்கொண்டேதான் இருக்கின்றன.

6. ஒரு நிமிடம்

என் பெரியம்மா உப்பளத்தில் வேலை பார்த்தவர். விடிவதற்கு முன் போவார், வெயில் ஏறுவதற்குள் உப்பு வாரி முடிக்க வேண்டும். மாதவிலக்கு நின்று நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு உதிரம் பட்டது. ஒரு மருத்துவமனைக்குப் போனார். சோதிக்காமலே சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். மறுபடி போகச் சொன்னபோது, "ஒரு நாள் கூலி யாருட்டி தருவா?" என்றார். ஒன்றரை ஆண்டு கழித்துப் போனபோது கட்டி இடுப்பெலும்புவரை போயிருந்தது. நான் அப்போது முனைவர் பட்டத்துக்கு இ6 புரதத்தைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தேன். இதற்கு மேல் அதைப் பற்றிப் பேசப் போவதில்லை.

உதிரம் படுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அவருக்குச் செய்திருக்க வேண்டிய சோதனை எளியது. பயிற்சி பெற்ற செவிலியர், நல்ல வெளிச்சம், பஞ்சு, நீர்த்த அசிட்டிக் அமிலம், அதாவது வினிகர். கருப்பைவாயில் தடவிவிட்டு ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். பிடியில் இருக்கும் பகுதி வெள்ளையாகத் திட்டுப் பூக்கும், சுற்றியுள்ள இளஞ்சிவப்பு அப்படியே இருக்கும். ஏன் வெள்ளை? ஓய்வெடுக்க வேண்டிய மேல் அடுக்கிலும் செல்கள் பிரிந்துகொண்டிருப்பதால் அங்கே உட்கருக்கள் பருத்து நெருங்கி நிற்கின்றன, புரதம் அதிகம். அமிலம் பட்டதும் புரதம் திரைந்து ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. இரண்டாம் எண்ணில் சொன்ன இ7-இன் திருட்டு வேலை, ஒரு சொட்டுக் காடியில் வெறுங்கண்ணுக்குத் தெரிகிறது. வெள்ளைத் திட்டெல்லாம் புற்றுநோய் அல்ல. மேல் சோதனை தேவை என்று மட்டும் பொருள். முன்நிலை மாற்றம் என்றால் அந்த இடத்தை உறையவைத்து அழித்துவிடலாம்.

இது வேலை செய்யும் என்பதை உலகுக்குக் காட்டியது நம் திண்டுக்கல் மாவட்டம். அம்பிளிக்கையிலுள்ள கிறிஸ்டியன் பெல்லோஷிப் சமூக சுகாதார மையத்தைத் தளமாகக் கொண்டு, மருத்துவர் சங்கரநாராயணன் தலைமையில் 2000-இல் தொடங்கிய ஆய்வு அது. 30 முதல் 59 வயதுவரையிலான 31,343 பெண்களைச் செவிலியர்கள் இந்த வினிகர் முறையில் சோதித்தார்கள். சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் இந்தப் புற்றுநோயால் ஏற்படும் மரணம், அழைக்கப்படாத ஊர்களைவிட 35 விழுக்காடு குறைந்தது என்று 2007-இல் லான்செட் இதழ் வெளியிட்டது. அதே ஆண்டு தமிழக அரசு தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் முன்னோட்டம் தொடங்கி, 2012 முதல் மாநிலம் முழுக்கக் கொண்டுவந்தது. வினிகர் முறைக்குக் குறைகள் உண்டு. பார்ப்பவரின் கண்ணைப் பொறுத்து முடிவு மாறும். வைரஸின் மரபுச் சரக்கையே தேடும் எச்.பி.வி. சோதனை இதைவிட நம்பகமானது என்பதை மகாராஷ்டிரத்தின் அன்றைய உஸ்மானாபாத் மாவட்ட ஆய்வு 2009-இல் நிறுவியது: ஒரே ஒரு முறை சோதித்த ஊர்களில் மரணம் ஏறக்குறைய பாதியாயிற்று. அரசு அந்தச் சோதனைக்கு மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதுவரை கையில் இருப்பதைத் தள்ளிவைக்கக் கூடாது.

தடுப்பூசியில் இ6, இ7 கிடையாது. வைரஸின் வெளியோட்டுப் புரதத்தை மட்டும் கொண்டு செய்த வெற்றுக்கூடு அது. நுழையுமுன் தடுக்கும், நுழைந்ததை வெளியேற்றாது. அதனால்தான் சிறுமிகளுக்குப் போடச் சொல்கிறோம். 2009-இல் இந்தியாவில் தொடங்கிய பெரிய தடுப்பூசி ஆய்வில் அம்பிளிக்கையும் ஒரு மையம். வேறொரு திட்டத்தைச் சுற்றி எழுந்த சர்ச்சையால் 2010-இல் அரசு எல்லாவற்றையும் நிறுத்தியது. ஆயிரக்கணக்கான சிறுமிகள் ஒரே ஊசியோடு நின்றுபோனார்கள். அவர்களைப் பத்தாண்டு பின்தொடர்ந்ததில், ஒரு தவணையே 16, 18 வகைகளின் நிலைத்த தொற்றை 95 விழுக்காடு தடுக்கிறது என்று 2021-இல் தெரியவந்தது. ஒரு தவணையே போதும் என்று இன்று நாடுகள் முடிவெடுப்பதற்கு நம் பெண்பிள்ளைகள் தெரியாமல் கொடுத்த சான்றும் ஒரு காரணம். 2023 தொடக்கத்திலிருந்து சீரம் நிறுவனத்தின் செர்வாவாக் என்ற இந்தியத் தடுப்பூசியும் கடையில் இருக்கிறது.

2022-ஆம் ஆண்டு உலகக் கணக்கின்படி இந்தியாவில் ஏறத்தாழ 80,000 பெண்கள் இந்த நோயால் இறந்தார்கள்.

முன்வரிசையில் உப்பள உரிமையாளர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்களிடம் கட்டடம் கேட்கவில்லை, நன்கொடை கேட்கவில்லை. உங்கள் பாத்திகளில் வேலை பார்க்கும் முப்பது வயது தாண்டிய பெண்களை, ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு காலை அனுப்புங்கள். அன்றைய கூலியைப் பிடிக்காதீர்கள். கூட்டம் முடிந்ததும் வாசலில் இருப்பேன். எந்த நாள் என்று சொல்லிவிட்டுப் போங்கள், குறித்துக்கொள்கிறேன்.